ஐம்பது டாலர், ஐம்பது பேர், ஐம்பது மதிப்பெண்

கோவையிலோ திருச்சியிலோ வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்கள் இருக்கும் தெருவில் நடந்தால், பலகைக்குப் பலகை ஒரு சிவப்பு மேப்பிள் இலை கண்ணில் படும். உள்ளே போய் உட்கார்ந்தால் கேள்விகள் வரிசையாக வரும். வயது என்ன, என்ன படிப்பு, எத்தனை வருட வேலை, ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு, திருமணம் ஆகிவிட்டதா. நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். கனடாவைப் பொறுத்தவரை அந்த எண்தான் நாம்.

குடியேற வருபவருக்கு மதிப்பெண் போடும் ஏற்பாட்டை உலகில் முதலில் கொண்டுவந்த நாடு கனடா. 1967 அக்டோபர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. படிப்புக்கும் பயிற்சிக்கும் 20, அந்தத் தொழிலுக்குக் கனடாவில் இருக்கும் தேவைக்கு 15, தொழில் திறமைக்கு 10, வயதுக்கு 10, கையில் வேலை உத்தரவு இருந்தால் 10, ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்தால் 10, உறவினர் அங்கே இருந்தால் 5, போகும் ஊரில் வேலைவாய்ப்பு இருந்தால் 5. கணக்குப் பார்த்தால் 15 குறையும். அது நேர்காணல் நடத்தும் அதிகாரி, எதிரே இருப்பவரின் குணநலனைப் பார்த்துத் தன் விருப்பப்படி போடுவது. நம் பள்ளிகளில் செய்முறைத் தேர்வுக்கு ஆசிரியர் கையில் இருக்கும் மதிப்பெண் மாதிரி.

பிறந்த நாடு, நிறம், மதம் ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் அவற்றுக்குத்தான் முழு மதிப்பெண்ணும்.

இந்த வரலாற்றில் ஐம்பது என்ற எண் வேறு இரண்டு இடங்களிலும் குறுக்கிடுகிறது. 1885-இல் சீனர் ஒருவர் கரையிறங்கக் கட்ட வேண்டியிருந்த வரி 50 டாலர். 1951-இல் இலங்கையிலிருந்து ஆண்டுக்கு இத்தனை பேர் வரலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எண்ணிக்கை 50. தற்செயல்தான், சோதிடம் எதுவும் இல்லை. ஆனாலும் கனடா என்ற நாடு வாசலில் நின்றுகொண்டு ஆளை அளந்து பார்த்த மூன்று காலங்களை இந்த மூன்று ஐம்பதுகளும் கச்சிதமாகக் காட்டிக்கொடுக்கின்றன.

ஈழத்தமிழரும் கனடாத் தமிழரும் இதைக் 'குடிவரவு' என்பார்கள். தமிழ்நாட்டில் 'குடியேற்றம்' என்கிறோம். வருபவரை வாசலில் நின்று பார்க்கும் கோணம் முதல் சொல்லில் இருப்பதால் அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாசல் என்று சொல்வதற்கு நிலவியலே காரணம். கிட்டத்தட்ட ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பு. ரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு. மூன்று பக்கம் பெருங்கடல், அதில் ஒன்று ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். நான்காவது பக்கம் அமெரிக்கா. அமெரிக்காவுக்கு மெக்சிகோ எல்லை இருப்பதுபோல, வறுமையோ போரோ நடந்தே வந்து சேரக்கூடிய எல்லை எதுவும் கனடாவுக்குக் கிடையாது. வர வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும், பிற்காலத்தில் விமானம் ஏற வேண்டும். கப்பலுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் வேண்டும். டிக்கெட் விற்பவரைக் கட்டுப்படுத்தினால் வருபவரைக் கட்டுப்படுத்திவிடலாம். இந்த எளிய உண்மையைக் கனடா மிகச் சீக்கிரமே கண்டுகொண்டது.

தொடக்கத்தில் அப்படியொரு தேர்வு தேவைப்படவில்லை, ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் வாழ்ந்துவந்த நிலத்தில் 1608-இல் சாமுவேல் த ஷாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவினார். அரை நூற்றாண்டு கழித்தும் அங்கே பிரெஞ்சு ஆண்கள் இருந்த அளவுக்குப் பெண்கள் இல்லை, குடும்பங்கள் குறைவு. 1663 முதல் 1673 வரை பதினான்காம் லூயி மன்னர் அரசுச் செலவில் சுமார் 800 இளம்பெண்களைக் கப்பலேற்றி அனுப்பினார். 'மன்னரின் மகள்கள்' என்று அவர்களுக்குப் பெயர். இன்றைய கியூபெக் பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் தங்கள் வம்சாவளியில் இவர்களில் ஒருத்தியையாவது காட்டிவிடுவார்கள்.

1763-இல் அந்த நிலம் முறைப்படி பிரிட்டனின் கைக்குப் போனது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக நின்றவர்கள் வடக்கே ஓடிவந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர், பிரிட்டன் பக்கம் சேர்ந்ததால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள். நோவா ஸ்கோஷியாவில் நிலம் தருவதாக அவர்களுக்கு வாக்களித்திருந்தார்கள். கிடைத்தது கல்லும் சகதியும். பலருக்கு அதுவும் இல்லை. 1792-இல் அவர்களில் ஏறக்குறைய 1,200 பேர் வெறுத்துப்போய் சியரா லியோனுக்குக் கப்பலேறினார்கள். கனடாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு புலம்பெயர்வு!

பிறகு ஐரிஷ்காரர்கள். கனடாவிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு பிரிட்டன் போகும் கப்பல்கள் திரும்பி வரும்போது காலியாக வரும். காலிக் கப்பலுக்குப் பாரம் வேண்டும். அந்தப் பாரமாக மனிதர்களை அடைத்தார்கள், கட்டணமும் மலிவு. 1847-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ் குடும்பங்கள் இப்படித்தான் வந்தன, டைஃபஸ் காய்ச்சலையும் சுமந்துகொண்டு. செயிண்ட் லாரன்ஸ் ஆற்றிலிருக்கும் குரோஸ் ஈல் என்ற சிறு தீவில் கப்பல்களை நிறுத்திச் சோதித்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அந்தத் தீவில் 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். அநாதையான பிள்ளைகளைக் கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. பலர் ஐரிஷ் குடும்பப் பெயரை மாற்றாமல் விட்டதால், ஆங்கிலம் அதிகம் பேசாத கியூபெக் கிராமத்திலும் ஐரிஷ் பெயர் கொண்டவர்களைக் காணலாம்.

1867-இல் கனடா கூட்டாட்சி உருவான பிறகுதான் தேர்வு என்ற எண்ணமே தலைதூக்குகிறது. மேற்கே எல்லையற்ற புல்வெளி. அதை நிரப்பாவிட்டால் அமெரிக்கர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள் என்ற பயம். 1872-இன் நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, உழுதால் நிலம் சொந்தம்.

ஆனால் அந்தப் புல்வெளி காலியாகவா இருந்தது? 1871-இல் தொடங்கிய ஒப்பந்தங்கள் வழியாகப் பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளிய பிறகுதான் அது 'காலி' ஆனது. 1885 முதல் அவர்கள் ஒதுக்கிடத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் அரசு முகவரிடம் சீட்டு வாங்க வேண்டும். அதற்குச் சட்ட ஆதாரமே கிடையாது என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனாலும் பல பத்தாண்டுகள் நடந்தது. உக்ரைனியர் ஒருவருக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேற அழைப்பிதழ். அந்த மண்ணிலேயே பிறந்தவருக்குப் பக்கத்து ஊர் போக அனுமதிச் சீட்டு. இரண்டும் ஒரே அரசு கொடுத்தவை.

அழைப்பிதழ் என்பது வெறும் அலங்காரச் சொல் இல்லை. 1896 முதல் 1905 வரை உள்துறை அமைச்சராக இருந்த கிளிஃபர்ட் சிஃப்டன் ஐரோப்பா முழுக்க முகவர்களை வைத்து, சுவரொட்டி ஒட்டி, கண்காட்சி நடத்தி ஆள் திரட்டினார். அவருக்கு நகரத்து ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் வேண்டாம். ஆட்டுத்தோல் கோட்டு போட்ட, பத்துத் தலைமுறையாக மண்ணைக் கிளறிய குடியானவன் வேண்டும், திடகாத்திரமான மனைவியும் அரை டஜன் பிள்ளைகளும் இருந்தால் இன்னும் நல்லது என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். 1891-க்கும் முதல் உலகப் போருக்கும் இடையில் உக்ரைனியர்கள் மட்டும் சுமார் 1,70,000 பேர் வந்தார்கள். 1899-இல் ரஷ்யாவிலிருந்து டுகோபோர் என்ற சமயப் பிரிவினர் 7,000-க்கும் மேற்பட்டோர் வந்தபோது, டால்ஸ்டாய் தன் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தை அவர்களின் பயணச் செலவுக்குக் கொடுத்தார். மரமே இல்லாத புல்வெளியில் முதல் குளிர்காலத்துக்கு வீடு எப்படிக் கட்டுவது? புல்லும் வேருமாக மண்ணைக் கட்டிகளாக வெட்டி, செங்கல் போல அடுக்கி, அதற்குள் குடும்பத்தோடு முடங்கினார்கள். மழை நின்ற பிறகும் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்.

1913-இல் நான்கு லட்சம் பேர் வந்திறங்கினார்கள். அப்போது கனடாவின் மொத்த மக்கள்தொகையே எண்பது லட்சத்துக்குள். அந்த எண்ணிக்கையைக் கனடா மீண்டும் தொட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இவ்வளவு பேரும் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தது ரயிலில். அந்த ரயில் பாதையின் மிகக் கடினமான பகுதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து போகிறது. 1880-களின் தொடக்கத்தில் அதைப் போட்டவர்களில் 15,000-க்கும் அதிகமானோர் சீனர்கள். நாள் கூலி ஒரு டாலர். வெள்ளைத் தொழிலாளிக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. சோறும் கூடாரமும் சீனர்கள் தங்கள் செலவிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிவிபத்திலும் பாறைச் சரிவிலும் ஸ்கர்வி நோயிலும் செத்தவர்கள் குறைந்தது 600 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. கனடாவின் பாடப்புத்தகங்களில் அந்தப் புகைப்படம் தவறாமல் இருக்கும். தொப்பியும் வெண்தாடியுமாக, ரயில் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான டொனால்ட் ஸ்மித் குனிந்து சுத்தியலைப் பிடித்திருக்க, சுற்றிலும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தேடினாலும் சீன முகம் ஒன்றைப் பார்க்க முடியாது. அந்த ஆண்டே சீனக் குடிவரவுச் சட்டம் வந்தது: தலைக்கு 50 டாலர். பாதை போட்டு முடிந்தது, இனி வரவேண்டாம் என்பதை அரசு இவ்வளவு அப்பட்டமாகச் சொன்ன தருணம் வேறு இல்லை.

ஐம்பது டாலர் போதவில்லை. கடன் வாங்கியாவது கட்டிவிட்டு வந்தார்கள். 1900-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 100 ஆக்கியது, 1903-ஆம் ஆண்டுச் சட்டம் 500 ஆக்கியது. ஒரு சீனத் தொழிலாளியின் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுக் கூலி அது. வணிகர்களுக்கும் மதகுருமார்களுக்கும் விலக்கு உண்டு. துணி துவைப்பவனுக்கும் சமையல்காரனுக்கும் கிடையாது. 1923 வரை சுமார் 82,000 சீனர்கள் இந்த வரியைக் கட்டினார்கள், மொத்தம் 2 கோடியே 30 லட்சம் டாலர். இப்படி வரி கட்டி வந்தவனால் மனைவிக்கும் ஐந்நூறு கட்ட முடியாது. அதனால் மனைவி சீனாவின் குவாங்டோங் மாகாணக் கிராமத்திலும் கணவன் வான்கூவரிலுமாக ஆயுள் கழிந்தது. 1923 ஜூலை 1 அன்று வரியையும் எடுத்துவிட்டு, சீனர் வருகையையே ஏறத்தாழ முழுதாகத் தடை செய்தார்கள். ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். சீனர்கள் அதை அவமான நாள் என்று அழைத்து அன்று கடைகளை மூடினார்கள். 1947-இல் தடை நீங்கும் வரை உள்ளே வந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு என்கிறார்கள். மறுபடியும் அதே எண்!

2006-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டியவர்களில் உயிரோடிருந்த சிலருக்கும் இறந்துபோனவர்களின் வாழ்க்கைத்துணைகளுக்கும் தலா 20,000 டாலர் தரப்பட்டது.

சீனருக்கு வரி போடலாம். இந்தியருக்கு எப்படிப் போடுவது? அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள், மன்னர் ஒருவரே. இந்தியர் வரக்கூடாது என்று கனடா சட்டம் எழுதினால் இந்தியாவில் கொதிப்பு எழும், லண்டனுக்குத் தலைவலி. 1908-இல் வந்த ஓர் ஆணை இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் இருக்கிறதே, சூழ்ச்சி என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இந்தியா என்ற பெயரே அதில் இல்லை. சொந்த நாட்டிலிருந்து ஒரே டிக்கெட்டில், எங்கும் மாறாமல் நேராக வருபவர் மட்டுமே கரையிறங்கலாம், அவ்வளவுதான். கல்கத்தாவிலிருந்து வான்கூவருக்கு அப்படி டிக்கெட் தரக்கூடிய கப்பல் நிறுவனம் ஒன்றுதான் இருந்தது. அது கனடாவின் ரயில் பாதை போட்ட அதே கம்பெனி. இனி விற்க வேண்டாம் என்று அரசு அதனிடம் சொன்னது. கதை முடிந்தது. மீறி வருபவர் கையில் 200 டாலர் காட்ட வேண்டும், மற்றவர்களுக்கு 25. அதற்கு முன் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்த இந்தியர்கள், அடுத்த ஆண்டே ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு லண்டன் போய்ச் சம்மதம் பெற்றுவந்த இளம் அதிகாரியின் பெயர் மெக்கென்சி கிங். இந்தியருக்குக் கனடாவின் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பது அவரது அறிக்கையில் இருந்த காரணங்களில் ஒன்று. பஞ்சாபில் மார்கழிப் பனியில் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு வான்கூவரின் தூறல் ஒத்துக்கொள்ளாதாம். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். அந்தத் தட்பவெப்பக் காரணமும் வரும். 1911-இல், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலிருந்து கறுப்பின விவசாயிகள் ஆல்பர்ட்டாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, அவர்கள் கனடாவின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவர்கள் என்று சொல்லி ஓராண்டுத் தடை ஆணையில் அமைச்சரவை கையெழுத்திட்டது. நடைமுறைக்கு வராமலேயே அது ரத்தானது. அதிகாரிகள் அதற்கு முன்பே ஆட்களைத் தடுத்து நிறுத்தும் வேலையை வேறு வழிகளில் செய்துகொண்டிருந்தார்கள்.

நேர்ப்பயண விதியைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பியவர் குர்தித் சிங் என்ற சீக்கிய வணிகர். 1913-இன் இறுதியில் வேறொரு கப்பலில் வந்த பஞ்சாபியர்களை, ஆணையின் வாசகம் சட்டத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் விடுவித்திருந்தது. அந்த நம்பிக்கையில் அவர் கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். அதற்குள் அரசு ஓட்டையை அடைத்து ஆணையைத் திருத்தி எழுதிவிட்டது. 1914 ஏப்ரல் 4 அன்று ஹாங்காங்கில் கிளம்பிய கப்பல் மே 23 அன்று வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. 376 பயணிகள், 340 சீக்கியர், 24 முஸ்லிம்கள், 12 இந்துக்கள்.

இரண்டு மாதம் கப்பல் நகரின் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றது. கரையிலிருந்த சீக்கியர்கள் பணம் திரட்டி வாடகைத் தவணையைக் கட்டினார்கள், வழக்கு நடத்தினார்கள், தோற்றார்கள். தண்ணீரும் உணவும் தீர்ந்துகொண்டே வந்தன. ஜூலை 19 அன்று ஓர் இழுவைப் படகில் போலீசார் கப்பலை நெருங்கியபோது, பயணிகள் கையில் அகப்பட்ட நிலக்கரித் துண்டுகளை வீசி விரட்டினார்கள். கடைசியில் ஒரு போர்க்கப்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். ஏற்கெனவே கனடாவில் வசித்த இருபது சொச்சம் பேரை மட்டும் இறக்கிவிட்டு, ஜூலை 23 அன்று கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் இறுதியில் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்களைக் காவல்துறை வலுக்கட்டாயமாகப் பஞ்சாபுக்கு ரயிலேற்ற முயன்றது. கைகலப்பில் துப்பாக்கிச் சூடு. சுமார் இருபது பயணிகள் இறந்தார்கள். பேரரசின் குடிமகன் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அன்று பஞ்சாபுக்கு விளங்கிவிட்டது.

இதற்கான மன்னிப்பு 2016-இல் ஜஸ்டின் ட்ரூடோவிடமிருந்து வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு கப்பலுக்கும் அவரே மன்னிப்புக் கேட்டார். அது செயிண்ட் லூயி. 1939-இல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு கியூபாவும் அமெரிக்காவும் கைவிட்ட நிலையில் கடலில் நின்றது, கனடாவும் மறுத்தது. ஐரோப்பா திரும்பியவர்களில் 254 பேர் நாஜிகளின் படுகொலையில் மாண்டார்கள். அப்போது கனடாவின் பிரதமர் மெக்கென்சி கிங்.

போர் முடிந்து 1947 மே மாதம் அதே கிங் நாடாளுமன்றத்தில் குடிவரவுக் கொள்கையை அறிவித்தார். ஆள் வேண்டும், ஆனால் கனடா மக்களின் அடிப்படைத் தன்மையை மாற்றும் அளவுக்கு, குறிப்பாகக் கிழக்கு நாடுகளிலிருந்து, வேண்டாம். இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் விடுதலை பெற்றுக் காமன்வெல்த்தில் சமமாக உட்கார்ந்த பிறகு, அந்த நாடுகளின் மக்களை முழுவதும் தடுத்து வைத்திருப்பது அசிங்கமாகத் தெரிந்தது. 1951-இல் ஒப்பந்தம் போட்டார்கள். நெருங்கிய உறவினர் நீங்கலாக ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150, பாகிஸ்தானிலிருந்து 100, இலங்கையிலிருந்து 50 பேர். இலங்கையின் பங்கை ஒரே ஒரு நகரப் பேருந்தில் ஏற்றிவிடலாம். அடுத்த ஆண்டு வந்த குடிவரவுச் சட்டம், தட்பவெப்பத்துக்குப் பொருந்தாமையைக் காட்டி ஒருவரை மறுக்கலாம் என்ற விதியைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டது.

1955-இல் கரீபியத் தீவுகளிலிருந்து வீட்டு வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். முதலில் ஆண்டுக்கு நூறு பேர். திருமணமாகாதவர்களாக, பிள்ளை இல்லாதவர்களாக, 18 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்ய வரும்போது குளிர் ஒத்துக்கொண்டதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கோட்டை இடிந்ததற்கு மனமாற்றம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: ஐரோப்பா போரிலிருந்து எழுந்து செழித்துவிட்டது, அங்கிருந்து வருபவர்கள் குறைந்தார்கள், கனடாவுக்கோ பொறியாளரும் மருத்துவரும் ஆசிரியரும் தேவைப்பட்டார்கள். 1962-இல் அமைச்சர் எலன் ஃபேர்க்ளோ, இன அடிப்படையிலான விதிகளில் பெரும்பகுதியை நீக்கினார். 1967-இல் மதிப்பெண் முறை. கனடாவுக்கு வருபவர்களில் ஆசியரின் பங்கு அதன் பிறகு ஏறிக்கொண்டே போனது.

மதிப்பெண் முறை நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை, முன்பிருந்ததோடு ஒப்பிட்டால். அதன் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவர் என்பதற்காக மதிப்பெண் போட்டு உள்ளே விடுவது மத்திய அரசு. மருத்துவம் பார்க்க உரிமம் தருவது மாகாணத்திலுள்ள தொழில்முறை அமைப்பு. ஒன்று மற்றொன்றைக் கேட்டுக்கொள்வதில்லை. டொராண்டோவில் டாக்ஸியில் ஏறினால் ஓட்டுநர் மருத்துவராக இருப்பார் என்ற வேடிக்கைப் பேச்சு அங்கே பிறந்தது இப்படித்தான்.

மதிப்பெண் எடுக்காமல், அழைப்பும் இல்லாமல் வருபவரை என்ன செய்வது என்ற பழைய கேள்விக்கு மதிப்பெண் முறையில் பதில் இல்லை. பதிலை நீதிமன்றம் சொன்னது. 1985 ஏப்ரல் 4 அன்று, கோமகாட்டா மாரு ஹாங்காங்கை விட்டுக் கிளம்பிய அதே தேதியில், சிங் என்ற பெயரால் அறியப்படும் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடா மண்ணில் கால்வைத்து அடைக்கலம் கேட்பவரின் கோரிக்கையை, அவரை நேரில் விசாரிக்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துத் தள்ள முடியாது. வழக்குத் தொடுத்தவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். எழுபது ஆண்டுக்கு முன் வான்கூவர் துறைமுகத்தில் தோற்ற வழக்கின் மேல்முறையீடு என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் கிழக்கு முனையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் நெருக்கியடித்துக்கொண்டு மிதப்பதை மீனவர்கள் கண்டார்கள். எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிவந்து, நடுக்கடலில் படகில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பொய் சொன்னார்களே என்று பத்திரிகைகளில் எரிச்சல் கிளம்பியது. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு ஓடிவந்தவர்கள் திருப்பி அனுப்பப்படுவோம் என்று பயந்து சொன்ன பொய் அது. பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். ஆண்டுக்கு ஐம்பது பேர் என்று ஒப்பந்தம் போட்ட நாட்டில், ஒரே நாளில் மூன்றாண்டு ஒதுக்கீட்டுக்கும் கூடுதலாகக் கரையேறியிருந்தார்கள். பின்னால் வந்த பல்லாயிரவருக்கு டொராண்டோவின் செயிண்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகள் முதல் வீடாயின. பிறகு ஸ்கார்பரோ, பிறகு மார்க்கம்.

2010 ஆகஸ்ட் 13 அன்று 492 தமிழர்களோடு எம்.வி. சன் சீ கப்பல் மறுகரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து நின்றபோது வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. கடற்படை மறித்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரும் தடுப்புக்காவலில், பலர் மாதக்கணக்கில். 2012-இல் வந்த சட்டப்படி இப்படிக் கூட்டமாக வருபவர்களில் 16 வயது நிரம்பியவர்களைக் கட்டாயமாகக் காவலில் வைக்கலாம். அகதி என்று ஏற்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தரக் குடியிருப்பு கேட்க முடியாது. இதே காலத்தில் விமானத்தில் வந்திறங்கிய மதிப்பெண் குடிவரவாளர்கள் ஆண்டுக்குப் பல்லாயிரம். அந்த வரிசையை யாரும் கவனிக்கவில்லை. 492 பேர்தான் தலைப்புச் செய்தி.

2021 கணக்கெடுப்பில் கனடா மக்களில் 23 விழுக்காட்டினர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். கூட்டாட்சி உருவான நாளிலிருந்து இதுவே உச்சம். 2023 ஜூனில் மக்கள்தொகை நான்கு கோடியைத் தொட்டது. ஆனால் அந்த ஆண்டில் விமானத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் குடிவரவாளர்களே இல்லை. மாணவர்கள், தற்காலிகப் பணியாளர்கள். 2023 இறுதியில் படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல், அதில் பெரும் பங்கு இந்தியர்கள். மாகாண அரசுகள் கல்லூரிகளுக்கான நிதியை இறுக்கிப் பிடிக்க, கல்லூரிகள் உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவரைப் பிடித்துக்கொண்டன. படி, வேலை பார், அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் வாங்கு, நிரந்தரமாகு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். வாடகை ஏறியது, வீடு கிடைக்கவில்லை, பொதுமக்களின் மனநிலை மாறியது. 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. அக்டோபரில், அடுத்த ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்றிருந்த நிரந்தரக் குடிவரவு இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தார்கள்.

மேப்பிள் இலை தொங்கும் அலுவலகத்தில் சொல்லும் அந்த எண்ணுக்குத் திரும்புவோம். இன்றைய மதிப்பெண் முறையில் மொத்தம் 1,200. தேர்ச்சிக்கு நிலையான எண் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேர் தேவையோ அதற்கேற்பக் கோடு கிழிப்பார்கள். கொரோனாவால் வெளியிலிருந்து வருவது பெரிதும் தடைபட்டிருந்த 2021 பிப்ரவரி 13 அன்று, ஏற்கெனவே கனடாவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்காக நடந்த சுற்றில் 27,332 பேரை ஒரேயடியாக அழைத்தார்கள். அன்று கோடு விழுந்தது 75-இல். 2024-இல் அதே பிரிவினருக்கு 500-க்கும் மேலே. மூன்று ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் படிப்போ ஆங்கிலமோ ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

1967-ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இருந்த வேலை உத்தரவுக்கான மதிப்பெண்ணுக்கும் ஒரு முடிவு வந்தது. அந்த உத்தரவைக் காசுக்கு விற்கும் தரகர்கள் பெருகிவிட்டார்கள் என்று சொல்லி, 2025 மார்ச் 25 அன்று அரசு அதை அடியோடு எடுத்துவிட்டது. முறையாக வேலை தேடி உத்தரவு வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்தும் அன்று அது கழிந்தது. பெரும்பாலோர் இழந்தது ஐம்பது மதிப்பெண்.